அறுந்து விழும் புவித்தட்டும் அதன்மேல் விளையும் தாதுவும்

திபெத்தின் தென்பகுதியில், லாசாவுக்குக் கிழக்கே, கடல்மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் சூலோங் என்னும் தாமிரப் படிவு இருக்கிறது. அதில் அடங்கிய தாமிரம் ஒரு கோடி டன்னுக்கு மேல் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலவியலாளர்களை நெடுநாள் குழப்பியது அந்த அளவைவிட அதன் வயதுதான். படிவு உருவாகி ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தியக் கண்டம் ஆசியாவின் மீது மோதத் தொடங்கியதோ சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. 6 கோடி என்று சொல்வோரும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், இரண்டு கண்டங்களுக்கும் நடுவில் கிடந்த டெதிஸ் பெருங்கடல் மறைந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே அங்கே தாமிரம் திரண்டிருக்கிறது. பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விளக்கத்தின்படி அது அங்கே இருக்கவே கூடாது.

அந்த விளக்கம் பிழையானதன்று, அரைகுறையானது. கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழே சரிந்து, மேலோட்டுக்கு அடியிலுள்ள புவியின் கவசத்துக்குள் அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீரையும் சேர்த்தே கொண்டுபோகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தை நெருங்குகையில் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் ஏறிய கவசப் பாறை, உலர்ந்த பாறை உருகும் வெப்பநிலைக்கு வெகு முன்பே உருகிவிடும். அப்படி உருகிய குழம்பு மேலேறி எரிமலை வரிசைகளை எழுப்புகிறது. அவற்றின் அடியில் தாமிரத் தாது சேர்கிறது. நிலவியலாளர் ரிச்சர்டு சிலிட்டோ 1972இல், நுண்துகள் பரப்பில் பெரிய படிகங்கள் புதைந்த பாறைகளோடு சேர்ந்த பார்ஃபிரி வகைத் தாமிரப் படிவுகளின் பிறப்பைப் புவித்தட்டுக் கோட்பாட்டோடு இணைத்துக் காட்டிய பிறகு, தாமிரம் தேடுபவர்கள் அமிழ்தல் மண்டலங்களைத் தேடிப் போனார்கள். ஆண்டீஸ் மலைத்தொடர் அதற்கு முழுச் சான்றாக நின்றது. உலகின் தாமிரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பார்ஃபிரி வகைப் படிவுகளிலிருந்தே கிடைக்கிறது என்பதால், அந்தத் தேடல் வீண்போகவுமில்லை.

ஆனால் கடல் மூடிக்கொண்டால் அமிழ்தல் நின்றுவிடும். அமிழ்தல் நின்றால் நீர் வராது. நீர் வராவிட்டால் குழம்பும் இல்லை, தாதுவும் இல்லை. இந்தச் சங்கிலியை அப்படியே ஏற்றுக்கொண்டால், கண்டங்கள் மோதிய இடங்கள் தாமிரத்துக்கு மலட்டு நிலங்களாகவே இருக்க வேண்டும். சூலோங்கும், ஈரானின் கெர்மான் பகுதியிலுள்ள சர்செஷ்மேவும், நியூகினித் தீவின் உச்சியிலுள்ள கிராஸ்பெர்க்கும் அதை மறுத்துக்கொண்டு கிடக்கின்றன.

கண்டங்கள் மோதும்போது ஆழத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள, அடர்த்தியிலிருந்து தொடங்க வேண்டும். கண்ட மேலோட்டின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம், மேற்பகுதிக் கவசத்தினுடையது ஏறத்தாழ 3.3. கடலடி மேலோடு பசால்ட்டால் ஆனது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தம் கூடக் கூட, அந்தப் பசால்ட் செந்நிறக் கார்னெட்டும் பச்சைநிறப் பைராக்சீனும் நிறைந்த எக்ளோகைட் என்னும் பாறையாக மாறுகிறது. எக்ளோகைட்டின் அடர்த்தி 3.4 முதல் 3.5 வரை போகும். அதாவது, சுற்றியுள்ள கவசத்தைவிடக் கனமான பாறையாகக் கடலடித் தட்டு தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. மேசை விளிம்பிலிருந்து பாதி தொங்கும் ஈரத் துணி மீதியையும் இழுத்துக்கொண்டு சரிவதைப் போல, அமிழ்ந்த பகுதி அமிழாத பகுதியைக் கீழே இழுக்கிறது. புவித்தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இந்த இழுவையே பெரியது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து.

கடல் முழுவதும் உள்ளே போன பிறகு, அதன் வாலில் ஒட்டிக்கொண்டு கண்டம் வந்து சேர்கிறது. கண்டத்தின் விளிம்பும் சிறிது தூரம் உள்ளே இழுபடும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆழம்வரை போய்த் திரும்பிய கண்டப் பாறைகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு மேல் மிதப்புத் தன்மை விட்டுக்கொடுக்காது. கீழே கனத்த கடலடித் தட்டு தொங்குகிறது. மேலே அமிழ மறுக்கும் கண்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடையில் உள்ள பகுதியை இரண்டு பக்கமும் இழுக்கும்போது, வெப்பமேறிய மெழுகுக் கோல் நடுவில் இளைத்துக் கழுத்தாகி அறுவதைப் போல, தட்டு இளைத்து அறுகிறது. மோதல் தொடங்கிச் சில மில்லியன் ஆண்டுகளிலும் இது நடக்கலாம், இருபது மில்லியன் ஆண்டுகளுக்கு மேலும் இழுத்துக்கொண்டு போகலாம். தட்டின் வயதும் குளிர்ச்சியும் தடிமனும் அதைத் தீர்மானிக்கின்றன. முதிர்ந்த, குளிர்ந்த தட்டு எளிதில் அறாது. அறும்போதும் ஆழத்தில்தான் அறும்.

இந்த எண்ணத்தை ஒரு முழு மாதிரியாக வடித்தவர்கள் ஹியூ டேவிஸ், ஃப்ரீட்ஹெல்ம் ஃபொன் பிளாங்கன்பர்க் ஆகிய இருவர். 1995இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஆல்ப்ஸ் மலையை எடுத்துக்கொண்டது. ஆல்ப்ஸின் தென்விளிம்பையொட்டி நீளும் ஒரு பெரும் பிளவுக் கோட்டின் அருகே, அடமெல்லோ, பெர்கெல் போன்ற கிரானைட் இனப் பாறைத் திரள்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வயது பெரும்பாலும் 4.2 கோடிக்கும் 3 கோடிக்கும் இடைப்பட்டது; அந்தக் காலத்தில் அங்கே கடல் மூடிப்போயிருந்தது. ஒரு கோட்டை ஒட்டி, குறுகிய கால அளவில், மோதலுக்குப் பிறகு எழுந்த இந்தக் குழம்பை விளக்க, கீழே தட்டு அறுந்தது என்ற கருத்து கச்சிதமாகப் பொருந்தியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், வோர்டெல், ஸ்பாக்மன் ஆகிய இருவரும் மத்தியதரைக்கடல், கார்பாத்தியப் பகுதிகளின் அடியில் நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த உட்படங்களை வைத்து, தட்டு ஒரே வெட்டாக அறாமல் ஓரிடத்தில் கிழியத் தொடங்கி, தாள் கிழிவதுபோல் பக்கவாட்டில் நீளும் என்று காட்டினார்கள்.

அறுந்த துண்டு கீழே போகப் போக, விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பக் கவசத்தின் இளகிய, ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பகுதி மேலேறி வருகிறது. மேல்தட்டின் அடிவயிறு திடீரென்று அந்த வெப்பத்தின் முன் நிற்க நேர்கிறது. அதேவேளை, இத்தனை காலம் கீழிழுத்த பளு கழன்றுவிட்டதால் நிலம் மேலெழுகிறது; இறுக்கிய அழுத்தமும் ஓரளவு தளர்கிறது. இறுக்கம் நீடிக்கும்வரை மேலோட்டின் அடியில் தேங்கிக் கிடக்கும் குழம்புக்கு, தளர்ச்சி வரும்போது பிளவுகள் வழியாக ஏற வழி கிடைக்கிறது.

இதுவரை சொன்னது வெப்பத்தின் கதை. தாமிரமும் தங்கமும் எங்கிருந்து வந்தன என்பது வேறு கேள்வி. தட்டு அறுவதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மேலேறி வரும் புதிய கவசப் பொருள் உலோகத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. உலோகம் ஏற்கெனவே மேல்தட்டின் அடியில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சேமித்தது யார் என்றால், முந்தைய அமிழ்தல்தான். பல கோடி ஆண்டுகள் கடலடித் தட்டு கீழே போனபோது வெளியேற்றிய நீரும், அதில் கரைந்த பொட்டாசியமும் கந்தகமும் மேல்தட்டின் அடிப்பகுதியில் ஊறி, அங்கே பொட்டாசியம் நிறைந்த மைக்கா, ஆம்ஃபிபோல் போன்ற நீரேறிய கனிமங்களாகத் தங்கிவிட்டன. அந்தக் காலத்தில் மேலேறிய குழம்புகளும் தங்கள் சரக்கு முழுவதையும் மேலே கொண்டுபோகவில்லை. குழம்பில் உள்ள கந்தகம் ஆக்சிஜனோடு கூடிச் சல்பேட்டாக இருக்கும்வரை தாமிரம் குழம்போடு பயணம் செய்யும். கந்தகம் சல்பைடாக மாறிய இடத்தில் சிறு துளிகளாகப் பிரிந்து, தாமிரத்தையும் தங்கத்தையும் கவ்விக்கொண்டு மேலோட்டின் அடியில் படிந்துவிடும். சல்பைடு தாமிரத்தைவிடத் தங்கத்தை இன்னும் இறுகப் பற்றும் குணமுடையது. இப்படி அடியில் தங்கிய பாறைகளைப் பிற்காலத்தில் மீண்டும் உருக்கினால் நீரும் கிடைக்கும், உலோகமும் கிடைக்கும். சில வேளைகளில் தங்கம் தூக்கலாகவே கிடைக்கும். நிலவியலாளர் ஜெரமி ரிச்சர்ட்ஸ் 2009இல் முன்வைத்த விளக்கம் இதுதான்: மோதலுக்குப் பிந்தைய தாமிர, தங்கப் படிவுகள், அமிழ்தலால் முன்பே மாற்றப்பட்ட பாறைகள் மறுபடி உருகியதன் விளைவுகள். பத்தாயம் பழையது, தீ மட்டுமே புதியது என்று சொல்லலாம்.

உருகிய குழம்பு தாதுவாகும் கட்டத்தைக் கையில் பிடித்துப் பார்க்க முடியும். பார்ஃபிரி தாமிரப் படிவிலிருந்து எடுத்த ஒரு கையளவுப் பாறைத் துண்டில், சாம்பல் நிற நுண்துகள் பரப்பில் அரிசி மணியளவு வெண்ணிறப் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் புதைந்திருக்கும். ஆழத்தில் மெல்ல வளர்ந்த படிகங்கள் அவை. சுற்றியுள்ள நுண்பரப்பு, குழம்பு மேலேறிச் சட்டென்று உறைந்ததைச் சொல்கிறது. அந்தத் துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் குவார்ட்ஸ் நரம்புகளின் ஓரங்களில், பித்தளைத் தூள் தூவியதுபோல் சால்கோபைரைட் மின்னும். அதுதான் தாமிரத் தாது. குவார்ட்ஸை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கே உள்ள குழிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நீர், ஒரு குமிழி, பல குழிகளில் கச்சிதமான சதுர முகங்களோடு ஓர் உப்புப் படிகம். அன்று பாறைக்குள் பாய்ந்த திரவத்தில் உப்பு அவ்வளவு செறிந்திருந்தது. ஆறியபோது கரைந்திருக்க முடியாமல் படிகமாகிவிட்டது. தகட்டைச் சூடேற்றி, அந்தச் சதுரம் கரைந்து மறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால், பல லட்சம் நூற்றாண்டுகளுக்கு முன் ஓடிய திரவத்தின் உப்புச் செறிவைக் கணக்கிடலாம்.

நீர் நிறைந்த குழம்பு நிலப்பரப்புக்குச் சில கிலோமீட்டர் அடிவரை ஏறி உறையத் தொடங்கும்போது, மூடி திறந்த சோடாப் புட்டியில் வாயு பிரிவதைப் போல, நீர் பிரிந்து வெளியேறுகிறது. அந்த நீரின் உப்பிலுள்ள குளோரைடு தாமிரத்தைப் பற்றிக்கொண்டு பாறைப் பிளவுகளில் பாயும். வெப்பநிலை 400 பாகையை ஒட்டி இறங்கும்போது தாமிரத்தால் கரைசலில் நிற்க முடியாமல், கந்தகத்தோடு கூடிப் படிகிறது. கண்ட மேலோட்டில் தாமிரத்தின் சராசரி அளவு பத்து லட்சத்தில் முப்பது பங்குக்கும் குறைவு. வெட்டி எடுக்கத் தகுந்த படிவில் அது அரை விழுக்காடாவது இருந்தால் நல்லது. அதாவது, இயற்கை இருநூறு மடங்கு போலச் செறிவூட்ட வேண்டும்.

நியூகினியின் மத்திய மலைத்தொடரில் இந்தக் கதை மிக அண்மையில் நடந்து முடிந்திருக்கிறது. 1936இல் டச்சு நிலவியலாளர் ழான் ழாக் டோசி அங்கே பனியாறுகளுக்கு அருகில் கறுத்து எழுந்து நின்ற ஒரு தாதுக் குன்றைப் பார்த்து, அதற்கு எர்ட்ஸ்பெர்க், அதாவது தாது மலை, என்று பெயரிட்டார். சில கிலோமீட்டர் தள்ளிப் புல் மூடிக் கிடந்த கிராஸ்பெர்க்கின் உள்ளே அதைவிடப் பன்மடங்கு பெரிய தாமிர, தங்கப் படிவு இருப்பது 1988இல்தான் தெரியவந்தது. அந்தப் பெயருக்கே புல் மலை என்றுதான் பொருள். அதன் வயது ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் மட்டுமே. அதே மலைத்தொடரில் கிழக்கே உள்ள ஓக் டெடி படிவு 12 லட்சம் ஆண்டுகளை ஒட்டியது. நிலவியல் கணக்கில் இவை நேற்றுப் பிறந்தவை. ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடவிளிம்பு எரிமலைத் தீவுகள் வில்போல் வரிசையாக நிற்கும் ஒரு தீவு வளைவின் அடியில் இழுபட்டுச் சிக்கிக்கொண்ட பிறகு, அதை இழுத்த தட்டு கழன்று போனதும், மேலேறிய வெப்பத்தில் குறுகிய காலம் குழம்பு எழுந்தது என்பது இவற்றுக்குத் தரப்படும் விளக்கம். நிலம் வேகமாக உயர்ந்ததால் அரிப்பும் வேகமாக நடந்து, ஆழத்தில் உருவான தாது கிராஸ்பெர்க்கில் இதற்குள் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் வெளியே தெரிகிறது. இந்தப் பக்கவிளைவைப் பலர் கவனிப்பதில்லை. தட்டு அறுவது தாதுவை உருவாக்க உதவுவதோடு, அதை மனிதர் எட்டும் தூரத்துக்குத் தூக்கியும் விடுகிறது. அதே அரிப்பு இன்னும் கொஞ்ச காலம் நீடித்தால் படிவையே கரைத்து ஆற்றில் விட்டுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மோதல் மண்டலங்களில் தாமிரம் மட்டும் விளைவதில்லை. திபெத்தின் கிழக்கு விளிம்பில், சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள மாவ்னியூபிங் அருமண் தனிமப் படிவு, கவசத்தின் சிறு பகுதி உருகிப் பிறந்த கார்பனேட் குழம்போடு தொடர்புடையது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டு வயதுடையது. ஈயம், துத்தநாகப் படிவுகள் சிலவற்றுக்குக் குழம்பே தேவைப்படவில்லை; மடிந்து எழும் மலைகள் தம் அடியிலுள்ள படிவுப் பாறைகளைப் பிழிய, வெளியேறிய உப்புநீர் தொலைவிலுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் உலோகத்தைக் கொண்டு சேர்த்திருக்கிறது.

தட்டு கிழிந்ததற்கு மேற்பரப்பில் கிடைக்கும் தடயங்களில் எனக்கு மிக நம்பத் தகுந்ததாகத் தோன்றுவது வயது வரிசைதான். குழம்பில் வளரும் சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் சிதைந்து ஈயமாவதையும், தாது நரம்புகளில் கிடைக்கும் மாலிப்டினைட்டில் ரீனியம் சிதைந்து ஆஸ்மியமாவதையும் அளந்தால், பாறை உறைந்த காலமும் தாது படிந்த காலமும் தனித்தனியே கிடைக்கும். கிழிசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்திருந்தால், அதன் மேலுள்ள எரிமலைகளும் அதே திசையில் ஒன்றன்பின் ஒன்றாக இளமையாக வேண்டும். ருமேனியாவின் கிழக்குக் கார்பாத்தியத்தில் கலிமான், குர்கியூ, ஹர்கித்தா வரிசை அப்படித்தான் தென்கிழக்கு நோக்கி இளமையாகிக்கொண்டே போகிறது. அதன் கடைக்கோடியில் உள்ள சோமடுல் எரிமலை கடைசியாகக் குமுறி ஏறத்தாழ 30,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கும் அப்பால், வ்ரான்சியாவின் அடியில், 70 முதல் 180 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கும் ஒரு பாறைத் துண்டு இன்றும் நிலநடுக்கங்களை எழுப்புகிறது. 1977 மார்ச் 4 அன்று 1,500க்கும் மேற்பட்டோரைக் கொன்ற நடுக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே வரிசை ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. வடமேற்கே பாயா மாரேயைச் சுற்றித் தங்கமும் வெள்ளியும் ஈயமும் நிறையக் கிடைத்தன. தென்கிழக்கே நீளும் எரிமலைகளில் சொல்லும்படியான தாது இல்லை. ஆல்ப்ஸின் நிலையும் அதுவே. தட்டு அறுதல் என்னும் கோட்பாடு பிறந்த மலையில், அந்தக் கோட்பாட்டுக்கே இலக்கணமாக நிற்கும் அடமெல்லோவிலும் பெர்கெலிலும், பெரிய பார்ஃபிரி தாமிரப் படிவு ஒன்றுகூட இல்லை. அங்கே மூடிய கடல் குறுகியது. மோதலுக்கு முன் பெரிய எரிமலை வளைவு எதுவும் நெடுங்காலம் இயங்கவில்லை. தீ மூண்டது, பத்தாயத்தில் சரக்கு இல்லை. திபெத்தின் காங்டிசே பகுதியில் மோதலுக்கு முன் கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிமலை வளைவு இயங்கியிருந்தது. ஈரானின் ஊர்மியே–தொக்தர் மண்டலத்திலும் அப்படியே. மோதல் மண்டலத்தில் தாது தேடுபவர், தட்டு எப்போது அறுந்தது என்று கேட்பதற்கு முன், அறுவதற்கு முந்தைய காலம் அந்த நிலத்தின் அடியில் எதைச் சேர்த்துவைத்தது என்று கேட்பது பொருத்தம் என்பேன்.

காலக் கணக்கிலும் கவனம் வேண்டும். டெதிஸ் கடலடித் தட்டு இந்தியக் கண்டத்திலிருந்து அறுந்தது ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எனப் பலரும் கொள்கிறார்கள். சூலோங் 1.6 கோடி. இடையில் கிடக்கும் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டை அந்த ஒரு நிகழ்வைக் கொண்டு நிரப்ப முடியாது. வெப்பம் அவ்வளவு காலம் காத்திருக்காது. ஆகவே, பின்னால் உள்ளே நுழைந்த இந்தியத் தட்டின் விளிம்பும் கிழிந்தது என்றும், இரட்டிப்புத் தடிமனாகிவிட்ட திபெத்திய மேலோட்டின் கனத்த அடிவேர் பிய்ந்து கவசத்துக்குள் சொட்டியது என்றும் வேறு விளக்கங்கள் வந்துள்ளன. பாறையின் வேதியியலைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. எல்லாமே கடைசியில் ஒரே அடுப்பை ஒரே பக்கத்திலிருந்து மூட்டுகின்றன. மோதலுக்குப் பிந்தைய குழம்பு எங்கே தென்பட்டாலும் உடனே தட்டு அறுந்தது என்று எழுதிவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாகிப்போனதற்கு, அந்த விளக்கத்தின் வசதியே காரணம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கணினி மாதிரிகளும் ஒரு நிபந்தனை விதிக்கின்றன: மேல்தட்டின் தடிமனுக்கு மேலான ஆழத்தில் தட்டு அறுந்தால், ஏறிவரும் வெப்பம் மேல்தட்டின் அடியைப் போதிய அளவு சுடாது, ஆழம் குறைவான அறுப்பே குழம்பை எழுப்பும்.

இந்த நிபந்தனையைச் சோதிக்க ஓர் இடம் இன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. ஹிந்து குஷ் மலையின் அடியில் தொங்கும் தட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆழத்தில் இளைத்துக்கொண்டே வருகிறது. அந்தக் கழுத்தை ஒட்டியே அங்கு வலிய நிலநடுக்கங்கள் குவிகின்றன. 2015 அக்டோபர் 26 அன்று 7.5 அளவில் எழுந்த நடுக்கத்தின் மையம் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் இருந்தது. அங்கே தட்டு இழுபடுவது இன்னும் முடியவில்லை. மேலே மலையில் உயிருள்ள எரிமலை ஒன்றும் இல்லை.